நல்லாயிருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை

மகனே,

செவ்வாய்க்கிழமை நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன பழுப்புக் கவரை இன்று காலையிலிருந்து நான்கு முறை திறந்து நான்கு முறை மூடிவிட்டேன். படங்களை வெளியே எடுக்கிறேன், இரண்டைப் பார்க்கிறேன், அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி இருக்கிறது, எழுந்து போகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால், தண்ணீர் வந்துவிட்டதோ என்று குழாயைப் பார்க்கத் தோன்றுகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் நேற்றுதான் வந்தது, இன்று வராது. தெரிந்தும் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். கொடியில் காய்ந்த துணியை மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். உன் பதினான்கு படங்களோடு ஒரே இடத்தில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் எங்கேயாவது எழுத்து கோணல்மாணலாகப் போனால் நீ காரணம் தேட வேண்டாம்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, மேசையை நீயே துடைத்து, படங்களை வரிசையாகப் பரப்பினாய். ஆள் யாரும் இல்லாத படங்கள், எல்லாம் நம் வீட்டுச் சாமான்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், "நல்லாயிருக்கு தம்பி, எல்லாமே நல்லாயிருக்கு" என்றேன். நீ படங்களை அடுக்கிக் கவருக்குள் போட்டாய். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது தெரியாதவங்க சொல்றதுதானேம்மா," என்றாய். "நீ இருபத்தஞ்சு வருசம் பாத்துப் பாத்துப் பிரிச்ச ஆளு. ஒனக்குத் தெரியும்."

"அது ரப்பர் ஷீட்டு. இது படம். எனக்கு என்னா தெரியும்?"

"தெரியும்தானே. தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கற." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாய். படமெடுக்கக் கற்றுத்தருகிற ஓர் இடத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எட்டுப் படம் அனுப்ப வேண்டும். தேர்ந்தெடுத்தால் ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படமெடுக்கக் கற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் மெட்ராஸில் அந்தக் கம்பெனி வேலை. வெள்ளைக் காகிதத்தின்மேல் குக்கரையும் கரண்டியையும் வைத்து, போனில் விற்பதற்காக நாளெல்லாம் படம் எடுக்கும் வேலை. "அதோட நமக்குன்னு எடுக்கறதெல்லாம் கதம்" என்று நீ சொன்னபோது முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. முப்பத்தொரு வயதில் ஒரு பிள்ளை ஆசைப்பட்ட ஒன்றை விடப்போவதைக் கரண்ட் பில் கட்டப்போகிறேன் என்பதைப் போலச் சொன்னால், பெற்றவள் எப்படி ஒரு இடத்தில் உட்காருவாள்?

மறுநாள் விடியற்காலையில் பாராடாங் தீவுக்குப் போய்விட்டாய், அங்கே ஏதோ விடுதியின் கட்டிலையும் மெத்தையையும் படமெடுக்க. அங்கே போன் எடுப்பதும் ஒன்று, எடுக்காததும் ஒன்று. எடுத்தாலும் உன் குரலைக் கேட்டவுடன் நான் மறுபடியும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எதிர்வீட்டு வேலு நாளை வெள்ளிக்கிழமை காலை பாராடாங் பஸ்ஸை எடுக்கிறான். இன்று இருட்டுவதற்குள் கடிதத்தை அவன் கையில் கொடுத்தால் படகு நிற்கிற ஜெட்டிக்குப் பக்கத்தில் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். "பேட்டா கோ அம்மாஜி கா சிட்டி" என்று, மகனுக்கு அம்மாவின் கடிதமாம், ஹிந்தியில் கிண்டல் வேறு. இந்தக் காலத்தில் பிள்ளைக்குக் காகிதத்தில் எழுதுகிற அம்மா இந்தப் போர்ட் பிளேர் டாலிகஞ்சிலேயே நான் ஒருத்திதானாம்.

இந்த "நல்லாயிருக்கு" எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும். நீ மெட்ராஸிலிருந்து போனில் படம் அனுப்புவாய். இங்கே நெட் வந்து அது திறப்பதற்கு ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். சாம்பல் கட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நான் "சூப்பர் தம்பி" என்று அனுப்பிவிடுவேன். நீ காத்திருப்பாயே என்ற நினைப்புதான். ஒரு தடவை நீ அனுப்பிய படம் திறந்தபோது அதில் வெறும் தரை இருந்தது. சிமெண்டுத் தரை, ஒரு ஓரத்தில் உன் செருப்பு நுனி. கை தவறி எடுத்ததா, வேண்டுமென்றே எடுத்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அதற்குக் கீழே என் சூப்பர் உட்கார்ந்திருந்தது, பூங்கொத்தோடு. நீ பதில் போடவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் படமும் வரவில்லை. மழை, உடம்பு, சாப்பாடு என்று மட்டும் பேசினோம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை உன் படத்தைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கிறேன். அதன் பலனைத்தான் இரண்டு பேரும் பதினைந்து வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். இப்போதும் ஒரு தடவை எழுந்து போய் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன். நீ அறிந்ததுதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு என்ன வேலை? புகைபோட்டு எடுத்த ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். நல்ல ஷீட் என்றால் வெளிச்சம் தேன் நிறத்தில் ஊடுருவி வரும். மரப்பட்டைத் துணுக்கு இருந்தால் கறுப்பாகத் தெரியும், குமிழி இருந்தால் வெளுப்பாகத் தெரியும். மடியில் கத்தரிக்கோல் இருக்கும். துணுக்கு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், மூன்றாம் தரத்துக்குப் போகவேண்டிய ஷீட் முதல் தரத்துக்குப் போய்விடும். வெட்டிய துண்டு கழிவுக் கூடையில் விழும். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. பார்க்கிற வேகத்திலேயே கை வெட்டிவிடும், கண்ணுக்கும் கைக்கும் நடுவில் யோசனை என்று ஒன்று வராது. வெட்டுவதை நான் ஒரு உபகாரமாகத்தான் நினைத்திருந்தேன்.

உனக்கு அப்போது பதினாறு. பள்ளிக்கூடத்து சாரிடம் கேமராவை இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தாய். எடுத்ததில் ஒரே ஒரு படத்தைப் பொறுக்கி, போர்ட் பிளேர் போகிறவர் கையில் கேமராவின் கார்டைக் கொடுத்தனுப்பினாய். பிரின்ட் போட்டு, கப்பல் போய்த் திரும்பி வர இருபது நாள். தினமும் ஜெட்டிக்குப் போய் நின்றாய். வந்த அன்றைக்கு ஓடிவந்து என் கையில்தான் முதலில் கொடுத்தாய். அடுப்படிப் பலகை, அதன்மேல் தேத்தண்ணி போடுகிற கேத்தல், மூன்று எலுமிச்சம்பழம், வலதுபக்க ஓரத்தில் அப்பாவின் இடது கை. ரப்பர் உருட்டுகிற ரோலரில் சிக்கி இரண்டு விரல் போன கை. நான் வேலைவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன், மடியில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். ஓரத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. ஒரே வெட்டு. "இப்பப் பாரு, மொதத் தரம்" என்று உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். நீ கையில் வாங்கிப் பார்த்தாய், கீழே விழுந்த துண்டைப் பார்த்தாய், வெளியே போய்விட்டாய். கார்டு சாருடையது, திரும்பக் கேட்பதற்குள் அதில் வேறு படம் ஏறிவிட்டது, இன்னொரு பிரின்ட் போட வழியில்லை.

கைப்பழக்கம் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. வெட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்தெல்லாம் படம் பார்க்க வருவார்களே என்று நினைப்பு ஓடியது. அந்தக் கையை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்காக என்று நினைத்தேனா, எனக்கே வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், எனக்கே வெட்கமாக இருந்தது. அதைப் பழக்கத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து படத்தைக் கேட்டு வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கை எங்க?"

"ஓரத்துல கறையா இருந்திச்சி, கொஞ்சம் நறுக்கிட்டேன்."

"புள்ள கேட்டான், 'மறைக்காம வைங்கப்பா'ன்னு. நானும் அரமணி நேரம் ஆட்டாம வச்சிருந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். குளிக்கப் போய்விட்டார். விபத்துக்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுப் போட்டோவிலும் அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். உனக்காக வெளியே எடுத்து வைத்திருக்கிறார். அதைத்தான் நான் வெட்டினேன். இப்போது சௌல்தாரியில் சித்தப்பா தோட்டத்தில் பாக்கு பொறுக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார், கேட்டால் "அதெல்லாம் ஏன் இப்ப" என்பார். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிடு மகனே. இதை நான் அன்றைக்கே உன் பின்னால் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பயம். வாயைத் திறந்தால் வெட்டிவிடுவேன் என்ற பயம். அதனால் எதைக் காட்டினாலும் நல்லாயிருக்கு. இரண்டும் ஒரே குற்றம்தான் என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கும் நான் படத்தைப் பார்க்கவில்லை, வருகிறவர்களைப் பார்த்தேன். இன்றைக்கும் படத்தைப் பார்க்கவில்லை, உன் முகம் வாடுமோ என்று உன் முகத்தைப் பார்த்தேன்.

இத்தனைக்கும் வேலையில் நான் அப்படி இருந்ததில்லை, இதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நீ நினைத்துவிடுவாய். மாரியாயி என்று ஒருத்தி எங்களோடு இருந்தாள். அவள் ஊற்றுகிற ஷீட் எல்லாம் குமிழி குமிழியாக வரும். நானும் தினம் அவள் கட்டைத் தள்ளி வைத்து "மூணாந்தரம்" என்பேன். ஒரு நாள் அழுதுகொண்டே, "குமுழி இருக்கறது எனக்கும் கண்ணுக்குத் தெரியுதுதானே அக்கா. ஏன் வருதுன்னு சொல்லேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. மறுநாள் அவள் ரப்பர் பால் ஊற்றுகிற இடத்துக்குப் போய் நின்றேன். வீட்டில் கைக்குழந்தை. சீக்கிரம் போய்ப் பால் கொடுக்க வேண்டும். அதனால் ரப்பர் பால் சட்டென்று உறையட்டும் என்று ஆசிட்டைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் உறைந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். "ஆசிட்டக் கொற, மொத தட்டு ரெண்டும் நான் பாத்துக்கறேன், நீ போய் புள்ளயப் பாரு" என்றேன். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. தட்டில் தெரிகிற கோளாறு தட்டில் உண்டானது இல்லை, அதற்கு முன்னால் எங்கேயோ உண்டானது. அதைப் போய்ப் பார்த்துச் சொல்பவன்தான் உதவி செய்கிறவன். யாரோ ஒருத்திக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். உனக்குச் செய்யவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு மறுபடி கவரைத் திறந்தேன். அப்போதும் வார்த்தை வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நம் தீதி, கறிவேப்பிலைக்கு வந்தாள். மேசையில் கிடந்த முதல் படத்தைக் கையில் எடுத்தாள். டிரம் மூடிமேல் ஏழெட்டு வெங்காயம், எல்லாவற்றிலும் தளிர்.

"பியாஜ் கா ஃபோட்டோ?" என்று சிரித்தாள். வெங்காயத்தையா படமெடுத்திருக்கிறான், இவ்வளவு கடல் இருக்கிறதே, அதை எடுக்கக்கூடாதா என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. "நல்லாப் பாரு தீதி," என்று என் ஓட்டை ஹிந்தியில் ஆரம்பித்தேன். கப்பல் பத்து நாள் வராமல் போனதே, அப்போது எல்லார் வீட்டிலும் வெங்காயத்தைச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே, வைத்ததே முளைத்துப் போனதே, அந்த வெங்காயம் இது என்றேன். தளிர் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது பார், அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது, படத்தில் ஜன்னல் இல்லை, ஆனாலும் தெரிகிறது பார் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "ஹாங், சச் மே" என்றாள், நிஜம்தான் என்று. "எங்க வீட்டிலும் இதே கதிதான்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் நான் பேசியது எனக்கே கேட்டது. எனக்கு என்ன தெரியும் என்று உன்னிடம் கேட்டேனே, இதோ சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு உட்கார்ந்தேன், நிஜமாகவே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்தரிக்கோல் உள்ளறையில் இருக்கிறது, கவலைப்படாதே.

முதல் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதை அனுப்பு. மூன்றாவது படம், அலுமினியத் தட்டில் அறுத்த எலுமிச்சை, அதையும் அனுப்பு. அறுத்த முகம் ஓரத்தில் காய்ந்து சுருங்கத் தொடங்கியிருக்கிறது, நடுவில் இன்னும் ஈரம் மினுங்குகிறது. அறுத்தவுடன் எடுத்திருந்தால் இது வராது. நீ காத்திருந்திருக்கிறாய். செய்தித்தாளில் பரப்பிய கருவாடும், உடைந்த சீப்பும், தேங்காய் திருகிய சிரட்டையும் அதே மாதிரிதான், பார்த்து முடித்த பிறகும் கண் அங்கேயே நிற்கிறது. கருவாட்டு எண்ணெய் தாளில் ஊறி எழுத்து தெரிகிற இடத்தில் எனக்கு வாசனைகூட வந்தது. இந்த ஐந்துக்கும் நான் பொறுப்பு.

இப்போது மற்றவை. எட்டாவது படத்தில் சங்கும் சோழியும் மணலில் கிடக்கின்றன. நம் வீட்டில் சங்கு ஏது? கடையில் வாங்கினாயா? அதில் குறை என்று என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை, இரண்டாம் தடவை பார்க்கவும் தோன்றவில்லை. தீவிலிருந்து அனுப்புகிறோம், தீவு தெரிய வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது நீயே நினைத்துக்கொண்டாய். வெங்காயத்தில் தீவு இருக்கிறதே, அது போதாதா? அதையும், அந்த மாதிரி இருக்கிற இன்னும் ஐந்தையும் எடுத்து வை. எவை என்று பின்பக்கத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைத் தொடவில்லை. அழித்தால் அழிந்துவிடும், நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் அழித்துவிடு.

ஐந்தாவது, அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கு. இதற்குத்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது, ஏனென்றால் இது நல்ல படமாக வரவேண்டியது. சௌல்தாரிக்கு அவர் கொண்டுபோகிற தூக்கு அது. அதன் அடியில் கரி, மூடியில் நசுங்கல், பிடியில் அவர் சுற்றி வைத்த வயர். படத்தில் இருக்கிற தூக்கோ கடையிலிருந்து இப்போது வந்த மாதிரி பளபளக்கிறது. புளி போட்டுத் தேய்த்தாய்தானே? வயரைக்கூட அவிழ்த்துவிட்டாய். யாரும் சாப்பிடாத தூக்கு அது. பதினொன்றாவது, ஆணியில் தொங்கும் மழைக்கோட்டு. அதற்கு இரண்டு நிழல் விழுந்திருக்கிறது. ஒன்று கதவுப் பக்கத்து வெளிச்சத்துக்கு. இன்னொன்று அடுப்பு மேடைப் பக்கத்திலிருந்து. அங்கே சுவர்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக அந்தச் சமையலறையில் நிற்கிறேன், அந்தப் பக்கமிருந்து ஒரு நாளும் வெளிச்சம் வந்ததில்லை. மழை நாள், இருட்டு, நீ விளக்கு வைத்திருப்பாய். மழைக்கோட்டு இருட்டில் தொங்கினால்தான் என்ன? பன்னிரண்டாவது, அப்பாவின் கண்ணாடியும் மாத்திரை அட்டையும். அழகாக, சரியாக நடுவில் இருக்கின்றன. ஆனால் அவர் அதை வைக்கிற இடத்தில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்குமே, டாக்டருக்குத் தெரியாமல்? அதை ஏன் நகர்த்தினாய்?

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பதினான்கிலும் பொருளின் ஓரத்தோடு படம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மேசை எங்கே முடிகிறது, ஒன்றையும் நீ காட்டுவதில்லை. கரியைத் தேய்க்கிறாய், டப்பாவை நகர்த்துகிறாய், யாராவது வந்து வெட்டுவதற்கு முன்னால் நீயே வெட்டிவிடுகிறாய். இதை எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸில் கற்றிருந்தால் அவர்களைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஷீட்டின் கோளாறு எங்கே உண்டாயிற்று என்று தேடிப்போனால், அந்த இடத்தில் நான்தான் நிற்கிறேன்.

நான் சொன்னதில் தவறு இருக்கலாம். எனக்குக் கேமராவில் எதை அழுத்த வேண்டும் என்றுகூடத் தெரியாது. அனுப்புகிற இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று நீதான் அறிவாய். எல்லாவற்றையும் படித்துவிட்டு, அம்மா சொன்னது சரியில்லை என்று பதினான்கில் எட்டை உன் இஷ்டப்படி எடுத்து அனுப்பினாலும் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்கிறேன், கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆனால் நீ கேட்காததைவிட, நான் சொல்லாமல் விட்டிருந்தால்தான் பெரிய வருத்தம்.

என் கணக்கு இதுதான். ஐந்து கையில் இருக்கிறது, எட்டு வேண்டும். நாளை மத்தியானம் வேலு திரும்புகிற அதே பஸ்ஸில் ஏறி வந்துவிடு. விடுதிக்காரனின் மீதி மெத்தை திங்கட்கிழமை வரை எங்கும் ஓடிவிடாது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சமையலறையில் வெளிச்சம் வரும், எட்டரைக்குப் போய்விடும். தூக்கு, மழைக்கோட்டு, கண்ணாடி, இந்த மூன்றையும் மறுபடி எடு. கொஞ்சம் தள்ளி நின்று எடு. அப்பாவை நாளைக்கே தூக்கோடு வரச் சொல்லியிருக்கிறேன், வயரை மறுபடி சுற்றிவிட்டாராம், அடியில் கரியும் ஏறிவிட்டதாம். இன்றிலிருந்து நான் சமையலறையில் ஒன்றையும் துடைக்கப்போவதில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், ஆகவே தாமதிக்காதே.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை வாசல் வரை போய்விட்டு வந்தேன். நீ இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. மெட்ராஸிலிருந்து வருகிறாய், சாப்பிடுகிறாய், "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்கிறாய், போய்விடுகிறாய். சாப்பாடு நல்லாயிருக்கு, வீடு நல்லாயிருக்கு, நான் நல்லாயிருக்கிறேன். ஊரிலும் அம்மா என்றால் குறை சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், அது எனக்கு வசதியாகப் போயிற்று. திறக்காத படத்துக்கு நான் அனுப்பிய சூப்பர் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் உன்னை வளர்த்ததில் எங்கே தவறினேன் என்று நீ பார்த்திருப்பாய், உன் கண் அப்படிப்பட்ட கண். இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொண்டதைத் திருப்பிச் சொல்லாதே, அது எனக்குத் தெரிந்ததுதானே. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்.

நாளைக்கு வந்தவுடன் சொல்லிவிடு. சாப்பிடுவதற்கு முன்னால் சொல். என் மீன்குழம்பு உள்ளே போய்விட்டால் நீ உண்மை பேசமாட்டாய். எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாலும் சரி. எனக்கு வலிக்கும். பரவாயில்லை, நான் எழுந்து போகமாட்டேன்.

அம்மா